படலுக்கு இந்தப் பக்கம்

நாற்காலி வேண்டாம் மாஜிஸ்திரேட் ஐயா, தரையே போதும். முப்பத்தைந்து வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவன் நான். நாற்காலியில் உட்கார்ந்தால் யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரி இருக்கிறது.

நான் சொல்வது எனக்கே எதிராகப் போகலாம், சொல்லாமலும் இருந்துவிடலாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தினீர்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. வேளைக்குச் சோறு போட்டார்கள். நானாகத்தான் சொல்கிறேன்.

என் பெயர் பஞ்சாட்சரம். வயது ஐம்பத்திரண்டு. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு. எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு. அந்தத் தெருவுக்கு நான் நாட்டாண்மை. பெரிய பதவி என்று எண்ணிவிடாதீர்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். பாவு போடுவது என்போம். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு காலையில் ஒரு வீட்டுப் பாவுக்குத்தான் தெருவில் இடம். இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று சண்டை வராமல் முறை சொல்வது என் வேலை. பாவுக்குக் குறுக்கே மாடு வந்தால் விரட்டுவேன். பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் பெரியம்மை வந்தது. ஒரு கல்யாணத்துக்காக ஆற்காட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். முதல் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய அன்றைக்கே தெருவைக் கூட்டினேன். கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதா, வந்தவரை எங்கே வைப்பது என்று மூன்று நாள் பேசினோம். எல்லோரையும் பேச விட்டேன். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றார் ஒருவர். பெண் வீட்டார் மனசு நோகும் என்றார் இன்னொருவர். பேசி முடிப்பதற்குள் ஏழு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது.

பத்தொன்பது பேர் போனார்கள். பதினொன்றாவது என் மனைவி தையல்நாயகி. பதினான்காவது என் மகள், ஒன்பது வயது. தொட்டால் தோல் கையோடு வந்துவிடும் என்பதால் கடைசி ஐந்து நாள் அவளை நான் தொடவே இல்லை. வேப்பிலைக் கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்பா, கையைப் புடிச்சிக்கோப்பா" என்று கேட்டாள். பிடிக்கவில்லை.

உங்கள் இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் அப்போது தெரிந்துகொண்டது ஒன்றுதான். பத்தொன்பது பேரையும் கொன்றது அம்மை இல்லை. அந்த மூன்று நாள் பேச்சு.

என் தங்கையும் அந்த வருஷம்தான் போனாள். அவள் மகள் ஏலவார்குழலிக்குப் பதிமூன்று வயது. தகப்பன் முன்பே இல்லை. நான்தான் வளர்த்தேன். என் மனைவியின் நகையைப் போட்டு, எங்கள் தெருவிலேயே ஐந்தாவது வீட்டுக் கலியாணசுந்தரத்துக்குக் கட்டிக்கொடுத்தேன். நல்ல நெசவுக்காரன். படித்தவன் என்பதால் கேள்வி கேட்பான். அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்கு என் மனைவியின் பெயரையே வைத்தார்கள். தையலு என்று கூப்பிடுவோம். நாலு வயது.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் செய்யாற்றுப் பக்கம் பெரியம்மை என்று செய்தி வந்தது. பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரநாதர் திருக்கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் வரும். நான் தெருவைக் கூட்டினேன். இந்தத் தடவை கருத்துக் கேட்கவில்லை.

"அம்மை போற வரைக்கும் நான் சொல்றதுதான். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். பாதி வீடுகள் பழைய பத்தொன்பது பேரில் யாரையாவது ஒருவரைக் கொடுத்தவை. கலியாணசுந்தரம் மட்டும் கையைத் தூக்காமல் எழுந்து நின்றான்.

"எது வரைக்கும், மாமா?"

"அதான் சொன்னேனே மாப்ளே. அம்மை போற வரைக்கும்."

"போச்சுன்னு யார் சொல்றது?"

"நான்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், ஐயா. என்னைப் பார்த்து இல்லை.

யார் கொடுத்த அதிகாரம் என்று நேற்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர்கள் கொடுத்ததுதான். போன ஐப்பசியில் சீனாக்காரன் மலையேறி வந்தபோது டெல்லியில் நெருக்கடி நிலை போட்டார்கள். விசாரணை இல்லாமல் பலரை உள்ளே வைத்திருப்பதாகப் பேப்பரில் வந்தது. சண்டை நின்று மாசங்கள் ஆகின்றன, நெருக்கடி இன்னும் எடுபடவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லி நான் கேட்கவில்லை. எதிரி வாசலில் நிற்கும்போது வீட்டுக்கு ஒரு குரல்தான் வேண்டும். நாட்டுக்குச் சரியென்றால் முப்பத்தொரு வீட்டுக்கு ஏன் சரியில்லை?

தெருவின் இரண்டு முனையிலும் மூங்கில் படல் வைத்து அடைத்தேன். தடியோடு முறைக்கு நாலு வாலிபர்கள். பால் படலுக்கு வெளியிலேயே இறங்க வேண்டும். நெய்த புடவையைப் படலுக்கு மேலாகக் கொடுத்து, பட்டையும் ஜரிகையையும் அப்படியே வாங்க வேண்டும். கோயில் இல்லை, சந்தை இல்லை, உறவு இல்லை. பங்குனி உத்திரத்தன்று மேளச் சத்தம் கேட்டுக்கொண்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒரு கிழவி அழுதாள். ஆனால் ஒருவரும் படலைத் தாண்டவில்லை.

பலன் இருந்தது. எங்களுக்குப் பின்பக்கத் தெருவில் பெரியம்மை வந்து இரண்டு பேர் இறந்தார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. நான் நடந்து போனால் பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்பீர்கள். பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். நிம்மதியாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த மாசம்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

பங்குனி முடிந்தது. சுற்று வட்டாரத்தில் மூன்று வாரமாகப் புதிதாக யாருக்கும் இல்லை. படலை எடுத்துவிடலாமே என்று பேச்சு கிளம்பியது. சித்திரை போகட்டும் என்றேன். அப்படியும் முணுமுணுத்தார்கள். பேச்சு அம்மையைவிட வேகமாகப் பரவும். அதனால் சாயங்காலத்தில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்று சொன்னேன். அப்படி நின்ற இரண்டு வீட்டுக்குப் பாவு முறையைத் தள்ளிப் போட்டேன். பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் வாயும் நின்றுவிடும். கை ஓங்கியதே இல்லை நான்.

சித்திரை முதல் வாரத்தில் சீனிவாசன் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வீடு வீடாகப் போய் அம்மை குத்துகிறவர், பெரியம்மைக்குத் தடுப்பூசி. படலுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டார்.

"ஒரு மணி நேரம் உள்ள விடுங்கோ, முதலியார். முப்பத்தொரு வீட்டுக்கும் குத்திட்டுப் போயிடறேன். அப்புறம் இந்தப் படலே வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மை கண்ட வீடுகளுக்கெல்லாம் போய்வருகிற ஆளை உள்ளே விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது நியாயமான காரணம். இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் கலியாணசுந்தரம் பெண்டாட்டி பிள்ளையோடு படலுக்கு அடியில் நுழைந்து போனான். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது காவல் இருந்தவர்கள் பிடித்து என்னைக் கூப்பிட்டார்கள். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

"மூணு பேரும் குத்திக்கினு வந்துட்டோம் மாமா. நீங்களும் போய்க் குத்திக்கினு வாங்க. எல்லாரும் குத்திக்கினா தீந்துச்சுல்ல?"

ஏலவார்குழலி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "கோச்சிக்காத மாமா. கொழந்தைக்காகத்தான் போனேன்" என்றாள். தையலு அழுது முடித்த முகத்தோடு கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

நான் கோபிக்கவில்லை. உள்ளே விட்டு, வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றேன். அன்று மத்தியானத்துக்குள் ஆறு வீட்டுக்காரர்கள் தங்களையும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன். திரும்பிப் போனார்கள், ஆனால் போகும்போது கும்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு உடம்பில் கொப்புளம் போட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். வயிற்றிலும் முதுகிலும் நிறைய. முகத்தில் இரண்டு மூன்று. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, "தாத்தா, எனக்கு அம்மா வந்திருக்குது" என்றது.

தெருவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படலைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நான் சொன்னது நடந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அதுவரை கும்பிடாமல் போனவர்கள் அன்று சாயங்காலம் கும்பிட்டார்கள்.

எங்கள் தெருவில் தறிக்கு மரவேலை பார்க்கும் வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். ஐந்தாவது வீட்டின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். ஜன்னலுக்கும் பலகை. ஒட்டுச் சுவர் வீடு, வேறு வழி கிடையாது. கிணறு பின்கட்டுக்கு வெளியே இருந்தது. அதனால் கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கயிற்றில் கூழும் தண்ணீரும் இறக்க ஏற்பாடு செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டினி போடும் எண்ணம் எனக்கு ஆரம்பத்தில் இல்லை.

"அண்ணே, உன் தங்கச்சி பொண்ணு வூடு" என்றான் வேலாயுதம்.

"அதனாலதான் அடிக்கச் சொல்றேன். சொந்தத்துக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

அவன் அடித்தான். உள்ளே யாரும் சத்தம் போடவில்லை. ஏலவார்குழலி மட்டும் கதவுக்கு அருகில் வந்து, "எத்தினி நாளைக்கு மாமா?" என்றாள். அவள் புருஷன் கேட்ட அதே கேள்விதான்.

நாலாம் நாள் அக்னி நட்சத்திரம் பிறந்தது. காலை ஒன்பது மணிக்குக் கலியாணசுந்தரம் அந்த ஓட்டை வழியாகக் கூரைமேல் ஏறிவிட்டான். எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"கொழந்தைக்குச் சின்னம்மைதான்! கொப்புளம் காஞ்சி உதிருது, வந்து பாருங்க. பெரியம்மையா இருந்தா இந்நேரம் எழுந்து உக்காருமா? இவரு உங்களைப் பயத்துல வெச்சிக்கினு இருக்காரு. பயம் போச்சுன்னா இவரு மறுபடி மாடு வெரட்டத்தான் போவணும்!"

ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கூட்டம் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் காவல் வாலிபர்களிடம், "கீழே இறக்குங்கடா" என்று மட்டும் சொன்னேன். கல்லால் அடிக்கச் சொல்லவில்லை. அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள். மூன்றாவது கல்லோ நாலாவது கல்லோ நெற்றியில் பட்டது. ஓடு உடைந்து வீட்டுக்குள்ளேயே விழுந்தான். கீழே தறி இருந்தது. அதன் மரத்தில் இடுப்பு பட்டிருக்கிறது.

அந்த ஓட்டையையும் பலகையால் மூடச் சொன்னேன். வேலாயுதம் மாட்டேன் என்றான். வாலிபர்கள் மூடினார்கள். கூழ் கயிறும் எடுபட்டது. இரண்டு நாள் அடங்கியிருக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே குடத்தில் தண்ணீர் இருக்கும் என்றும் நினைத்தேன். அடிபட்டவனுக்கும் காய்ச்சல் குழந்தைக்கும் ஒரு குடம் எத்தனை நாழிகை வரும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் கதவருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் நாள் ஏலவார்குழலி, "மாமா, அவருக்கு மூச்சு வாங்குது, டாக்டரைக் கூட்டுக்கினு வா" என்று கூப்பிட்டாள். சாயங்காலம் அவள் அழுத விதத்திலிருந்து அவன் போய்விட்டான் என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் அவனைப் பற்றிப் பேசவில்லை. "மாமா, தண்ணி. எனக்கு வாணாம். கொழந்தைக்கு ஒரு டம்ளர். கதவு இடுக்குல ஊத்து, நான் துணியில புடிச்சிக்கறேன்" என்றாள். பலகையில் நகத்தால் பிராண்டும் சத்தம் கேட்டது. முப்பது வீடும் அதைக் கேட்டது. ஒருவர் கூட வெளியே வரவில்லை. அத்தனை ஒழுங்கு. குழந்தையின் குரல் மத்தியானத்துக்கு அப்புறம் இல்லை.

அந்த இரண்டு நாளும் நானும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, ஐயா. யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்கள். எனக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று நான் நடக்கவில்லை.

மறுநாள் விடியும்போது வேலாயுதம் கடப்பாரையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"அடிச்ச கை என்னுதுதான் அண்ணே. புடுங்கறதும் நானே புடுங்கிட்டுப் போறேன். வழி வுடு."

"ஒரு ஆணியில கை வெச்சேன்னா உன் வூட்டுக்கும் சட்டம் அடிப்பேன்" என்றேன்.

அவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் படல் பக்கம் நடந்தான். தடி வைத்திருந்தவர்கள் ஏனோ தடுக்கவில்லை. அரை மணியில் போலீசோடு வந்தான்.

கதவு திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். கலியாணசுந்தரத்தின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாய்க்கு நேராக ஈரம் இல்லாத துணி ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள். குழந்தையின் உடம்பில் கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தது. தழும்பு கூட இல்லை.

ஏலவார்குழலி பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். யாரோடும் பேசுவதில்லையாம். நான் வளர்த்த பெண். நிதானமாக யோசித்தால் என்னைப் புரிந்துகொள்வாள்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் சாட்சிகளும் சொல்லக்கூடியதுதான். இனிமேல் சொல்வது எனக்கும் சீனிவாசனுக்கும் மட்டும் தெரியும். சீனிவாசனுக்கும் அதன் அர்த்தம் அன்றைக்குத் தெரியாது.

ஆணி அடித்த மறுநாள் காலை அவர் திரும்ப வந்திருந்தார். நான் மட்டும் படலருகே போனேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஆணியைப் பற்றிச் சொல்லவில்லை.

"கொப்புளம் எங்க போட்டிருக்கு?"

"வயித்துல, முதுகுல. முகத்துல கொஞ்சம்."

"தண்ணி கோத்த மாதிரியா? சிலது புதுசா, சிலது வாடியா?"

"ஆமாம்."

"அட, அது சின்னம்மை, முதலியார். அந்தக் குழந்தைக்கு நானே குத்தினேன், பெரியம்மை கிட்டயே வராது. ஒரு வாரத்துல தலைக்குத் தண்ணி ஊத்திடலாம். நான் வேணா ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அம்மனுக்குக் கூழ் ஊத்தறாங்க. அப்புறம் வாங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனார்.

ஆக, எனக்கு இரண்டாம் நாளே தெரியும். கலியாணசுந்தரம் கூரைமேல் ஏறியபோது தெரியும். அவன் சொன்னது உண்மை என்று அந்தத் தெருவில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் தண்ணீர் கேட்டபோதும் தெரியும்.

ஏன் திறக்கவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? படலிலிருந்து அந்த வீடு வரைக்கும் நடந்து வரும்போது நானும் அதைத்தான் யோசித்தேன். வேலாயுதத்தைக் கூப்பிட வாய் எடுத்தேன். முப்பது வாசலிலும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நாட்டாண்மைக்கும் தப்பு வரும் என்று ஒரு தடவை அவர்கள் பார்த்துவிட்டால், நிஜமாகவே பெரியம்மை வருகிற அன்றைக்கு யார் கதவைச் சாத்துவார்கள்? மறுபடி கூட்டம் போடுவார்கள். மறுபடி மூன்று நாள் பேசுவார்கள். மறுபடி பத்தொன்பது பேர் சாவார்கள். ஒரு வீடா, முப்பது வீடா? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் பெரியவர்கள். நான் ஒரு வீட்டைக் கொடுத்தேன், அதுவும் என் வீட்டுப் பெண்ணின் வீட்டை.

மூன்று பேரையும் அடைத்தது நான்தான். இரண்டு பேரைக் கொன்றதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் போலீஸ் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் படல் வைத்த நாளிலிருந்து அவர்கள் அதைப் பிடுங்கிய நாள்வரை, எங்கள் தெருவில் அம்மையால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.